இடிந்த ஊரை கல் கல்லா எடுத்து அடுக்கிய மக்கள்... ஆல்ப்ஸ் அடிவாரத்து அதிசயம் வென்சோனே!

இன்ஸ்டாவில் 'இத்தாலி'ன்னு தேடினா என்ன வரும்? ரோம் நகரின் கொலோசியம், வெனிஸ் படகுகள், பைசாவின் சாய்ந்த கோபுரம். இன்னும் கொஞ்சம் கீழே போனா, மலைகளுக்கு நடுவுல கோட்டைச் சுவர் சூழ்ந்த ஒரு குட்டி ஊர் கண்ணுல படலாம். கல் பாவிய தெரு, சுவரெல்லாம் பழைய கல், நடுவுல ஒரு பெரிய தேவாலயம். பார்த்ததும், '700 வருஷமா அப்படியே இருக்குபோல'ன்னு தோணும்.

அந்த ஊர் வென்சோனே. அங்கே இருக்கிற பல கட்டடங்களுக்கு உண்மையிலேயே 600, 700 வயசு. ஆனா, 1976-ம் ஆண்டு செப்டம்பர் மாசம் நீங்க அங்கே போயிருந்தா, பார்க்கிறதுக்கு ஒரு கல் குவியல்தான் இருந்திருக்கும்.

ஒரு ஊரே தரைமட்டமாகி, அதே கற்களை வெச்சு அதே இடத்துல மறுபடியும் எழுந்து நின்ன கதை இது. கூடவே, அங்கே என்னென்ன பார்க்கலாம், எப்படிப் போகலாம் என்பதையும் பார்த்துடலாம்.

எங்கே இருக்கு?

இத்தாலியின் வடகிழக்கு மூலையில ஃப்ரியூலி என்கிற பகுதி இருக்கு. ஒரு பக்கம் ஆஸ்திரியா, இன்னொரு பக்கம் ஸ்லோவேனியா. ஆல்ப்ஸ் மலைத்தொடர் சமவெளியில வந்து முடியுற இடத்துல, தல்யமென்டோ ஆற்றங்கரையில இருக்கு வென்சோனே. கடல் மட்டத்துலருந்து சுமார் 230 மீட்டர் உயரம்தான். ஆனா, ஊரைச் சுத்தி மலைகள் செங்குத்தா எழுந்து நிற்கும். மக்கள்தொகை சுமார் 2,000.

இவ்வளவு சின்ன ஊருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கோட்டைச் சுவர்? காரணம், ரோடு! ரோமானியர்கள் காலத்துலருந்தே, இத்தாலியிலருந்து ஆல்ப்ஸைத் தாண்டி வடக்கே போற முக்கியமான பாதை இந்தப் பள்ளத்தாக்கு வழியாத்தான் போச்சு. வணிகர்கள் வந்தாங்க, தங்கினாங்க, சுங்கம் கட்டினாங்க. அந்தப் பணத்துலதான் ஊர் வளர்ந்துச்சு. 1258-ல சுத்திலும் சுவர் எழுப்பத் தொடங்கினாங்க. 1420-ல ஃப்ரியூலி முழுக்க வெனிஸ் குடியரசின் கைக்குப் போச்சு.

அந்தக் காலத்துக் கோட்டை ஊர் பெரிய மாற்றமில்லாம நிலைச்சு நின்னதால, 1965-ல வென்சோனே ஊர் முழுவதையுமே தேசிய நினைவுச் சின்னமா இத்தாலி அறிவிச்சது. ஒரு கோபுரத்தையோ அரண்மனையையோ இல்லைங்க, மொத்த ஊரையும்!

அதுக்கப்புறம் 11 வருஷம்தான் அந்த ஊர் அப்படியே நின்னுச்சு.

1976 மே 6, இரவு 9 மணி

ஃப்ரியூலி மக்களோட நாட்டுப்புறக் கதைகள்ல 'ஓர்கொலாட்'னு ஒரு பூதம் உண்டு. மலைக்குள்ள அடைபட்டுக் கிடக்கிற அந்தப் பூதம் புரண்டு படுத்தா பூமி அதிரும்னு சொல்வாங்க. கதை சும்மா வந்திடலை. 1348, 1511-னு இந்தப் பகுதி பெரிய நிலநடுக்கங்களை ஏற்கெனவே பார்த்திருக்கு. ஆப்பிரிக்கா பக்கத்திலிருந்து வரும் நிலத்தட்டு ஐரோப்பாவை முட்டித் தள்ளுற எல்லை இது. ஆல்ப்ஸ் மலை உருவானதுக்கும் அதுதான் காரணம், நிலநடுக்கம் வர்றதுக்கும் அதுதான் காரணம்.

1976 மே 6-ம் தேதி இரவு 9 மணிக்கு அந்தப் பூதம் மறுபடியும் புரண்டுச்சு. ரிக்டர் அளவில் சுமார் 6.5. ஒரு நிமிஷத்துக்குள்ள ஃப்ரியூலியின் மலையடிவார ஊர்கள் சரிஞ்சு விழுந்துச்சு. கிட்டத்தட்ட ஆயிரம் பேர் இறந்துபோனாங்க. ஒரு லட்சம் பேருக்கு மேல வீட்டை இழந்தாங்க.

வென்சோனேயில பல வீடுகள் இடிஞ்சுது. ஆனா, அடிபட்டும் தேவாலயம் முழுசா விழலை. விழுந்ததைத் தூக்கி நிறுத்திடலாம்னு மக்கள் வேலையைத் தொடங்கினாங்க. நாலு மாசம் போச்சு. செப்டம்பர் 11-ல மறுபடியும் அதிர்வுகள். செப்டம்பர் 15-ல வந்த அதிர்வுல, மிச்சமிருந்த தேவாலயமும் சரிஞ்சுடுச்சு.

முதல் அடியைவிட இந்த ரெண்டாவது அடிதான் மக்களோட மன உறுதியை உடைச்சதுன்னு சொல்லலாம். குளிர்காலம் நெருங்கிட்டு இருந்துச்சு. ஆயிரக்கணக்கானவங்களை அட்ரியாடிக் கடலோரத்துல இருந்த சுற்றுலா ஹோட்டல்களுக்கு அனுப்பித் தங்க வெச்சாங்க. திரும்பி வந்தவங்களும் வருஷக்கணக்குல தற்காலிகக் குடியிருப்புகள்லதான் வாழ்ந்தாங்க.

'முதல்ல தொழிற்சாலை... கடைசியா தேவாலயம்!'

இப்போ ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. வீடு இல்லை, வேலை இல்லை, ஊரே மண்மேடு. எதை முதல்ல கட்டுவீங்க?

ஃப்ரியூலி மக்கள் எடுத்த முடிவு இத்தாலியில இன்னிக்கும் பேசப்படுது. 'முதல்ல தொழிற்சாலைகள், அப்புறம் வீடுகள், அப்புறம் தேவாலயங்கள்' என்பதுதான் அந்த வரிசை. வேலை இருந்தாதான் ஆட்கள் ஊரைவிட்டுப் போக மாட்டாங்க. ஆட்கள் இருந்தாதான் வீட்டுக்கு அர்த்தம். மக்கள் குடிவந்த பிறகுதான் தேவாலயத்துக்கு வேலை. மதப்பற்று அதிகமுள்ள ஒரு பகுதி, தேவாலயத்தைக் கடைசியில வெச்சதுதான் இதுல ஆச்சர்யம்.

அரசும் தன் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செஞ்சது. பணத்தையும் அதிகாரத்தையும் ரோம்லயே வெச்சுக்காம, மாநில நிர்வாகத்துக்கும் உள்ளூர் மேயர்களுக்கும் கொடுத்துச்சு. எந்தத் தெருவுல என்ன இருந்துச்சுன்னு அவங்களுக்குத்தானே தெரியும்! இன்னிக்கு இத்தாலியில பேரிடர் சமயத்துல ஓடிவர்ற 'சிவில் ப்ரொடெக்‌ஷன்' அமைப்புக்கு வித்திட்டதும் இந்த அனுபவம்தான். 'எங்க பிள்ளைங்க படிப்புக்காக வெளியூர் போகாம இருக்க ஒரு பல்கலைக்கழகம் வேணும்'னு 1,25,000 பேர் கையெழுத்துப் போட்டாங்க. மறுகட்டமைப்புச் சட்டத்துலயே அதையும் சேர்த்தாங்க. 1978-ல ஊடினே பல்கலைக்கழகம் பிறந்தது அப்படித்தான்.

வென்சோனே மட்டும் ஏன் ஸ்பெஷல்?

மத்த பல ஊர்கள்ல இடிபாட்டை அள்ளிட்டு, புதுசா கான்க்ரீட் வீடு கட்டினாங்க. தப்பே இல்லை. குளிர்ல நடுங்குற குழந்தைக்கு 14-ம் நூற்றாண்டு ஜன்னல் எதுக்கு?

ஆனா, வென்சோனே மக்கள் வேற மாதிரி யோசிச்சாங்க. இடிபாடுன்னு அள்ளிக் கொட்டிட்டா, அதோட ஊரும் போயிடும்னு நினைச்சாங்க. 1977-ல ஊர்க்காரங்க ஒரு குழுவா சேர்ந்து, பழைய ஊரைப் பழையபடி மீட்கணும்னு கையெழுத்து இயக்கமே நடத்தினாங்க. அவங்க கேட்டது ஒண்ணுதான்... 'எங்கே இருந்துச்சோ அங்கேயே, எப்படி இருந்துச்சோ அப்படியே!'

இந்த கோஷம் இத்தாலிக்குப் புதுசு இல்லை. 1902-ல வெனிஸ் நகரத்தின் புனித மாற்கு மணிக்கூண்டு இடிஞ்சு விழுந்தப்போ இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் மறுபடியும் கட்டினாங்க. 1912-ல அது தயாராச்சு. ஆனா, வெனிஸ்ல எழுந்தது பழைய உருவத்துல ஒரு புதுக் கட்டடம். வென்சோனே மக்கள் கேட்டது அதைவிடக் கஷ்டமானது. விழுந்த அதே கற்களே திரும்ப வேணும்!

'இதெல்லாம் நடக்கிற காரியமா, இடிபாட்டை அப்படியே நினைவுச் சின்னமா விட்டுடலாமே, நவீனமா ஒண்ணு கட்டிடலாமே' என்றும் விவாதம் நடந்துச்சு. தேவாலயத்தை எப்படிக் கட்டுறதுன்னு முடிவாகி வேலை தொடங்கவே 1988 ஆகிடுச்சு.

உலகத்தின் பெரிய ஜிக்சா

விழுந்த கற்களையே எடுத்து, அதே இடத்துல பொருத்திக் கட்டுற இந்த முறைக்கு 'அனஸ்டைலோசிஸ்'னு பேரு. கிரேக்கச் சொல். ஏதென்ஸ் நகரத்தின் பார்த்தெனான் கோயில்லயும் இந்த முறையைப் பயன்படுத்தியிருக்காங்க. பெரிய பெரிய தூண் துண்டுகள்னா ஓரளவு சுலபம். வென்சோனே தேவாலயத்துல இருந்தது வெவ்வேறு அளவுல, ஆயிரக்கணக்கான சுவர்க் கற்கள்.

எப்படி செஞ்சாங்க தெரியுமா?

* முதல்ல, எந்தக் கல் எங்கே விழுந்து கிடந்ததுன்னு கவனிச்சு, பகுதி பகுதியா பிரிச்சு எடுத்தாங்க. வடக்குச் சுவர்க் கல் பெரும்பாலும் வடக்குப் பக்கம்தானே விழுந்திருக்கும்!

* எடுத்த கற்களை ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில பரப்பி வெச்சாங்க.

* ஒவ்வொரு கல்லையும் சுத்தம் பண்ணி, அளந்து, எண் கொடுத்துப் பதிவு செஞ்சாங்க.

* நிலநடுக்கத்துக்கு முன்னால எடுத்த புகைப்படங்களை வெச்சு, கல்லின் ஓரம், உடைப்பு, அளவு எல்லாத்தையும் ஒப்பிட்டு, 'இந்தக் கல் இந்தச் சுவர்ல, இந்த வரிசையில இருந்தது'ன்னு கண்டுபிடிச்சாங்க.

* தரையிலேயே சுவரைப் படுக்கவெச்ச மாதிரி அடுக்கிப் பார்த்து, சரியா வந்ததும் மேலே ஏத்தினாங்க. இடம் தெரியாத கற்களுக்கு பதிலா மட்டும் வேற கல்.

* அடுத்த நிலநடுக்கத்தைத் தாங்குற மாதிரி, வெளியே தெரியாம உள்ளுக்குள்ள பலப்படுத்தினாங்க.

ஏழு வருஷ உழைப்பு. 1995-ல தேவாலயத்தின் கதவு மறுபடியும் திறந்துச்சு. இடிஞ்சு 19 வருஷம் கழிச்சு! மே மாசம் வீட்டை இழந்த ஒரு பத்து வயசுக் குழந்தைக்கு அப்போ 29 வயசு ஆகியிருக்கும்.

மிஸ் பண்ணக் கூடாத இடங்கள்

புனித அந்திரேயா தேவாலயம்: 1308-ல கட்டத் தொடங்கி, 1338-ல அர்ப்பணிக்கப்பட்டது. கோதிக் பாணி. உள்ளே போனதும் அலங்காரத்தைத் தேடாதீங்க, சுவரைப் பாருங்க. பழைய சுவரோவியங்கள் துண்டு துண்டாத்தான் மிஞ்சியிருக்கு. அதை மறைக்க யாரும் முயற்சி செய்யலை. உடைஞ்சது உடைஞ்சதாவே தெரியட்டும்னு விட்டிருக்காங்க.

மம்மிகள்: ஆமாங்க, எகிப்துல மட்டும் இல்லை, இங்கேயும் இருக்கு! 1647-ல தேவாலயத்துல வேலை நடந்தப்போ, கல்லறைக்குள்ள ஓர் உடல் அழுகாம, காய்ந்து பதப்பட்ட நிலையில கிடைச்சது. முதுகு வளைஞ்சிருந்ததால அதுக்கு 'கூனன்'னு பேரு. அதுக்கப்புறம் இன்னும் பல உடல்கள் கிடைச்சது. யாரும் மருந்து போட்டுப் பதப்படுத்தலை. கல்லறையில இருந்த ஒரு வகைப் பூஞ்சை ஈரத்தை உறிஞ்சிடுச்சுன்னு ஒரு விளக்கம், சுண்ணாம்பு நிறைஞ்ச மண்ணும் சூழலும்தான் காரணம்னு இன்னொரு விளக்கம். 1950-ல அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகைக்காக எடுத்த படங்கள்ல, ஊர்க்காரங்க சொந்த தாத்தா, பாட்டி மாதிரி இந்த மம்மிகள் பக்கத்துல சகஜமா நிற்கிறதைப் பார்க்கலாம். இப்போ அஞ்சு மம்மிகளை தேவாலயத்துக்குப் பக்கத்துல இருக்கிற புனித மிக்கேல் சிற்றாலயத்தின் நிலவறையில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள பார்க்கலாம். இறந்தவங்களோட உடல்கள் என்பதால, செல்ஃபி ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கோங்க.

ஊராட்சி மாளிகை: 1390-க்கும் 1410-க்கும் இடையில கட்டினது. வெளியே ஏறிப்போற கல் படிக்கட்டும், வெனிஸ் பாணி கோதிக் ஜன்னல்களும், கடிகாரக் கோபுரமும் இதோட அடையாளம். இரண்டாம் உலகப் போர்ல குண்டு விழுந்து சிதைஞ்சது. 1950-கள்ல சீரமைச்சாங்க. அடுத்து 1976 வந்துச்சு, மறுபடியும் சீரமைச்சாங்க. ஒரே நூற்றாண்டுல ரெண்டு அடி!

கோட்டைச் சுவரும் புனித ஜெனேசியோ வாசலும்: ஊரைச் சுத்தி இரட்டைச் சுவர், நடுவுல அகழி. நடந்து ஒரு சுத்து வந்தா, ஊரோட அளவு எவ்வளவு சின்னதுன்னு புரியும். இடைக்காலத்து நுழைவாயில் கோபுரங்கள்ல மிஞ்சினது புனித ஜெனேசியோ கோபுரம்.

புனித யோவான் தேவாலய இடிபாடு: எல்லாத்தையும் திரும்பக் கட்டின ஊர், இதை மட்டும் இடிபாடாவே விட்டு வெச்சிருக்கு. பக்கத்துத் தெருவெல்லாம் முழுசா எழுந்து நிற்கும்போது, இங்கே மேற்கூரை இல்லாத சுவர்கள். 1976-ல ஊர் முழுக்க எப்படி இருந்திருக்கும்னு சொல்ல இது ஒண்ணே போதும்.

'தியேரே மோட்டுஸ்' கண்காட்சி: ஒர்ஞானி மார்ட்டினா மாளிகையில இருக்கு. நிலநடுக்கத்துக்கு முன், பின், மறுகட்டமைப்புன்னு புகைப்படங்களோட முழுக் கதையும் சொல்றாங்க. தேவாலயம் எப்படிச் சரிஞ்சதுன்னு திரையில காட்டுற பகுதியும் உண்டு. டிப்ஸ்: முதல்ல இங்கே போயிட்டு, அப்புறம் தேவாலயத்துக்குப் போங்க. அதே சுவர் வேற மாதிரி தெரியும்.

ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?

வென்சோனே தேவாலயத்துக்கு வயசு என்ன? 700-ன்னும் சொல்லலாம், 30-ன்னும் சொல்லலாம். 'ஒருமுறை விழுந்து, திரும்பக் கட்டினது எப்படி ஒரிஜினல் ஆகும்'னு கேட்கிற நிபுணர்கள் இன்னிக்கும் இருக்காங்க. அந்தக் கேள்வியில நியாயமும் இருக்கு. பழசு மாதிரி நடிக்கிற புதுக் கட்டடங்கள் உலகம் முழுக்க இருக்கே!

ஆனா, வென்சோனே நடிக்கலை. எண் போட்ட கற்கள், உடைஞ்ச ஓவியங்கள், கட்டாம விட்ட ஓர் இடிபாடுன்னு விழுந்ததை வெளிப்படையா சொல்லுது. முக்கியமா, இது மியூசியம் இல்லை. வீடுகள்ல ஆட்கள் இருக்காங்க, துணி காயுது, காலையில கடை திறக்கிறாங்க. 2017-ல இத்தாலிய அரசுத் தொலைக்காட்சி நடத்துற 'கிராமங்களின் கிராமம்' போட்டியில வென்சோனே முதலிடம் வாங்குச்சு. அழகான இத்தனை ஊர்கள் இருக்கிற நாட்டுல, ஒருகாலத்துல கல் குவியலா கிடந்த ஊருக்குக் கிடைச்ச பட்டம் அது.

எப்படிப் போகலாம்?

* இந்தியாவிலருந்து போறவங்களுக்கு ஷெங்கன் விசா தேவை.

* வெனிஸ் வரைக்கும் விமானம். அங்கருந்து ஊடினேவுக்கு ரயில்ல சுமார் 2 மணி நேரம். ஊடினேயிலருந்து வடக்கே போற ரயில்ல வென்சோனேக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. எல்லா ரயிலும் நிற்காது, நேரம் பார்த்துக்கோங்க.

* சைக்கிள் பிரியரா? ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்துலருந்து கடலோர கிராடோ வரைக்கும் போற, 400 கிலோமீட்டருக்கு மேல நீளமான 'ஆல்ப்பே அட்ரியா' சைக்கிள் பாதை வென்சோனே வழியாத்தான் போகுது.

* கோடையில லாவெண்டர் திருவிழா, அக்டோபர்ல பூசணித் திருவிழா. கூட்டம் பிடிக்கும்னா அப்போ போங்க. அமைதி வேணும்னா மே மாசம் நல்லது.

* ஊரைச் சுத்திப் பார்க்க அரை நாள் போதும். மீதி நேரத்துக்கு, தெற்கே பக்கத்துலேயே இருக்கிற ஜெமோனா போயிட்டு வாங்க. அந்த ஊர் தேவாலயமும் 1976-ல அடிபட்டதுதான். முகப்புல 7 மீட்டர் உயரத்துக்கு புனித கிறிஸ்டோபர் சிலை. உள்ளே தூண்கள் இன்னிக்கும் ஒரு பக்கமா சாய்ஞ்சே நிற்குது!

கடைசியா ஒரு விஷயம். அந்தக் கற்களுக்கு இடம் கண்டுபிடிச்சுக் கொடுத்தது பழைய புகைப்படங்கள். அதை எடுத்தவங்க யாரும், 'நாளைக்கு இந்தச் சுவர் விழும், என் படத்தைப் பார்த்துத்தான் கட்டுவாங்க'ன்னு நினைச்சிருக்க மாட்டாங்க. உங்க போன்ல ஆயிரம் செல்ஃபி இருக்கும். அடுத்த தடவை ஒரு பழைய கட்டடத்துக்கு முன்னால நிக்கும்போது, நீங்க கொஞ்சம் நகர்ந்து, அந்தச் சுவரை மட்டும் நேரா, முழுசா ஒரு படம் எடுத்து வெச்சுக்கோங்க. யாருக்கு எப்போ தேவைப்படும்னு சொல்ல முடியாது!